மழைக்காரர் விட்ட வழி

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நின்றாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ஐந்தாவது மாடிப் பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, சர்ஜன் நீட்டிய தாளையும் பேனாவையும் வேண்டாத விளம்பரத்தைத் தருவதுபோல அவர் கையிலேயே திருப்பித் தந்துவிட்டாள்.

வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிடும் என்று சர்ஜன் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பெரியவகிட்ட ஒரு வார்த்தை பேசாம நான் அந்த மேஜையில ஏறிப் படுக்க மாட்டேன் டாக்டர்."

"தாராளமா பேசுங்கம்மா. போன் போடுங்க."

"அவளுக்குப் பிறந்ததுலேர்ந்து காது கேக்காது. அவ இருக்கற எடத்துல இப்ப போனும் வேலை செய்யல."

சர்ஜன் அம்மாவின் சின்னப் பெண்ணைப் பார்த்தார். சின்னவள் தரையைப் பார்த்தாள். அதே ஆஸ்பத்திரியில் நான்கு லிஃப்டுகளையும் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக் அவள். டாக்டர்கள் முதல் துடைப்பக்காரர் வரை எல்லோருக்கும் அவளைத் தெரியும். வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து இதே சர்ஜனை ஒருமுறை தோளைப் பிடித்து வெளியே இழுத்தவளும் அவள்தான். அந்த நன்றிக்கோ என்னவோ, அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கப்புறம் தியேட்டரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். பெரியவள் வரைபடம் வரைபவள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் கணவருக்கு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணைக்கட்டுக்கு மாற்றலானது. அவளும் கூடப் போனாள். போன மூன்றாம் நாள் அடித்த புயலில் அந்தப் பக்கத்து செல்போன் கோபுரம் அடியோடு சாய்ந்தது. நிமிர்த்த எட்டு மாதம் ஆகும் என்றார்கள். நேரில் இருந்தால் கைஜாடை, தள்ளி இருந்தால் செல்போனில் எழுத்து என்று முப்பத்தைந்து வருடமாக நாள் தவறாமல் பேசிக்கொண்ட அம்மாவும் பெண்ணும் அன்றோடு ஊமையானார்கள்.

அணை அலுவலகத்தில் குரல் ரேடியோ உண்டு. அத்தானோடு பேசலாம். அவர் நல்ல மனிதர்தான், ஒரே குறை, எதையும் பூசி மெழுகித்தான் சொல்வார். இங்கே அம்மா இரண்டு நிமிடம் குமுறினால் அங்கே அவர் கையை இரண்டு ஆட்டு ஆட்டி முடித்துவிடுவார். பதிலுக்குப் பெரியவள் அரை மணி நேரம் கை ஆட்டினாலும், ரேடியோவில் வருவது "எல்லாம் நல்லா இருக்கு அத்தை, கவலைப்படாதீங்க" என்பது மட்டும்தான்.

"அது அவன் பேச்சு. எனக்கு என் பொண்ணு பேச்சு வேணும்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சின்னவளுக்கு மட்டும் தெரியும். அம்மாவின் செல்போனை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். புயலுக்கு முந்தைய நாள் அம்மா பெரியவளுக்கு அனுப்பிய கடைசி வரி அதில் இருந்தது. 'என் பேச்சைக் கேக்காம போயிட்ட இல்ல. இனிமே என் முகத்துல முழிக்காத.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த வரியோடு மயக்க மருந்து வாங்கிக்கொள்ள அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. அதை வாய் திறந்து மாப்பிள்ளையிடம் சொல்லவும் மனமில்லை.

சின்னவளுக்கு லிஃப்ட் பிழைப்பு என்றால் ரேடியோ பைத்தியம். பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரி அவள். அத்தானும் அதே ஆண்டு அதே பரீட்சை எழுதியவர். ஆன்டெனாக் கம்பி கடன் கேட்டு வீட்டுக்கு வந்தவர், அக்காவைக் கேட்டுவிட்டுப் போனார். கம்பி இன்னும் திரும்பி வரவில்லை என்று சின்னவள் இப்போதும் சொல்லிக் காட்டுவாள்.

ரேடியோவில் எழுத்தையும் அனுப்பலாம். கணினி அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின்மேலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் அடையாளத்தைப் போட்டு, கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தமாக மாற்றி வானத்தில் விடும். அந்தப் பக்கத்துக் கணினி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, முழுசாக இருந்தால் 'வந்தது' என்று பதில் போடும். பதில் வராவிட்டால் இந்தப் பக்கம் அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும். ஆமை வேகம்தான். ஆனாலும் அனுப்பியவர் சொன்னது சொன்னபடி போய்ச் சேரும், நடுவில் யாரும் மெழுக முடியாது.

செவ்வாய்க்கிழமை அணைக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஜீப்பில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டாள். பழைய மடிக்கணினி, அதில் மென்பொருளெல்லாம் ஏற்றி வைத்திருந்தாள், ஒரு கேபிள், அத்தானுக்கு நான்கு பக்கத்துக்குச் செய்முறைக் குறிப்பு. கடைசிப் பக்கத்தில், 'அத்தான், எதையும் நீங்களாகத் திருத்த வேண்டாம்' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்.

இந்தப் பக்கத்துக்கு அவள் தேர்ந்தெடுத்தது ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் அறை. அங்கிருந்து பார்த்தால் மலைமுகடு தெரியும். முகட்டில் காட்டுத்தீ பார்ப்பதற்காகக் கட்டிய பழைய கோபுரம் ஒன்று உண்டு. அதில் பதினோரு வருடத்துக்கு முன் வானொலிக் கழகத்தார் ஒரு ரிலே வைத்தார்கள். இந்தப் பக்கம் கேட்பதை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லும் பெட்டி அது. இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கழகச் செயலாளருக்குப் போன் போட்டாள். அவர் பல் டாக்டர், யாரோ ஒருவரின் பல்லைப் பிடித்தபடியே, "இருக்கு இருக்கு, தாராளமா யூஸ் பண்ணுங்க" என்றார்.

ரேடியோவை மெஷின் அறையில் வைத்தாள். நெட்வொர்க் கேபிளை லிஃப்ட் தண்டு வழியாக, இருக்கிற ஒயர்களோடு சேர்த்துக் கட்டி, ஐந்தாவது மாடிக்கு இறக்கினாள். அங்கிருந்து வார்டுக் கதவிடுக்கு வழியாக அம்மாவின் கட்டில்வரை இழுத்து, ஒரு மடிக்கணினியில் சொருகினாள். ஆஸ்பத்திரிப் பொறியாளர் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"யார் கால்லயும் சிக்காம இருந்தா சரி" என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் வரியை அனுப்பினாள். 'அக்கா, நான்தான். அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். உன்கிட்ட பேசாம படுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. பதில் போடு.'

போகவில்லை. இரண்டாவது முறை பாதி போனது. அக்காவிடமிருந்து 'தெரி' என்று ஒன்று வந்து நின்றுவிட்டது. மதியம் வரை போராடியும் ஒரு முழு வாக்கியம் வந்து சேரவில்லை.

ஒரு காரணம் அவளுக்கே தெரிந்தது. இந்த மென்பொருள்களில் ஆங்கில எழுத்து ஒன்று ஓர் இடம் பிடிக்கும் என்றால், தமிழ் எழுத்து மூன்று இடம் பிடிக்கும், கொம்பும் சுழியும் சேர்ந்தால் இன்னும் மூன்று. பொட்டலம் பெரிதாகப் பெரிதாக வழியில் அடிபட வாய்ப்பும் பெரிது. குரல் ரேடியோவில் அத்தான் யோசனை சொன்னார்.

"தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா என்னம்மா?"

"அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது அத்தான்."

"அப்ப நான் வேணா படிச்சு..."

"வேணாம் அத்தான்" என்று அவசரமாகச் சொன்னாள்.

இன்னொரு காரணமும் திரையில் தெரிந்தது. முகட்டு ரிலே இவள் பொட்டலங்களை மட்டும் சொல்லவில்லை, வேறு எவருடையதையோ சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு என்ற எண்ணில் முடியும் ஓர் அடையாளம். அதிலிருந்து வந்ததெல்லாம் வெறும் எண்கள். 06, 012, 118, 06, 012, 118 என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நிலையத்தின் சத்தம் நேரடியாக இவளுக்குக் கேட்கவில்லை, மலைச்சரிவு மறைத்தது. ரிலே வாய்வழியாகத்தான் தெரிந்தது.

'எவனோ சோதனைக்குப் போட்ட மெஷினை ஓடவிட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டான்' என்று சின்னவள் முடிவு கட்டினாள். ரேடியோக்காரர்களிடையே இது நடக்கிற கதைதான். அவளே இரண்டு முறை செய்திருக்கிறாள்.

அங்கேதான் அவள் ரேடியோக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தப்பைச் செய்தாள். மென்பொருளில் காத்திருப்புக்கென்று ஓர் எண் உண்டு. வானத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் கணினி பேசாமல் இருக்கும். அவர் முடித்ததும் உடனே பாயாமல், மனசுக்குள் ஒரு பகடையை உருட்டும். நான்கில் ஒரு முறைதான் இறங்கும், மற்ற மூன்று முறை இன்னும் கொஞ்சம் பொறுக்கும். எல்லோரும் இப்படிப் பொறுப்பதால்தான் எல்லோர் பேச்சும் போய்ச் சேர்கிறது. வழக்கமான எண் அறுபத்து மூன்று. சின்னவள் அதை இருநூற்று ஐம்பத்தைந்து ஆக்கினாள். அதற்கு அர்த்தம், பகடையே வேண்டாம், இடைவெளி கிடைத்த மறுகணம் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பாய் என்பது. பதில் வரக் காத்திருக்கும் நேரத்தையும் பாதியாகக் குறைத்தாள். பொட்டலத்தின் நீளத்தை முடிந்த மட்டும் கூட்டினாள். இது எல்லாமே ஆகாத காரியம் என்று புதிதாக வருபவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அம்மாவின் வயிற்றில் இருக்கும் கட்டியை நினைத்தால் சொன்னதெல்லாம் மறந்துபோனது.

அதே முதல் வரியை அனுப்பிக்கொண்டே இருந்தாள். ரிலேவுக்குப் போனபோது பெரும்பாலும் ஏழாம் நம்பர் எண்களும் அதே நேரம் வந்து மோதின. இரண்டும் நசுங்கின. ரிலேயிலிருந்து அணைக்கு எப்படியோ தாண்டிப் போனவையும் பாதி வழியில் உதிர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்குப் பொறுக்கவில்லை. ரிலேயில் ஓர் அஞ்சல்பெட்டி உண்டு, யார் பேருக்கு வேண்டுமானாலும் கடிதம் போட்டு வைக்கலாம். ஏழாம் நம்பருக்கு ஒன்று போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல எழுத்துத் தமிழில்.

'மெஷினை ஓடவிட்டுவிட்டு எங்கே போய்த் தொலைந்தீர்கள்? உங்கள் எண்களை யாரும் கேட்கவில்லை. இங்கே மனிதர்கள் பேச வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.'

தயவுசெய்து என்று போட்டதே பெரிய மரியாதை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மதியத்துக்குள் எண்கள் நின்றுவிட்டன. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு மணி சுமாருக்கு, ஐந்தாவது மாடிக் கட்டிலில் இருந்த திரையில், ஓர் எழுத்துகூடக் குறையாமல் அக்காவின் வரி வந்து விழுந்தது.

'அம்மா இருக்காளா?'

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். மாட்டினதைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டினாள். ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாள்.

'இருக்கேன்.'

அடுத்ததையும் அம்மாதான் கேட்டாள்.

'நான் கடைசியா அனுப்பினது வந்துச்சா?'

'வந்துச்சு.'

'அதுக்கு நீ ஒண்ணும் அனுப்பல.'

'அனுப்பினேன். அதுக்குள்ள டவர் விழுந்துடுச்சு. போகல.'

'என்ன அனுப்பின?'

ரிலே பொட்டலத்தை வாங்கி, சரிபார்த்து, இந்தப் பக்கம் தள்ள ஏழெட்டு விநாடி ஆனது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

'முழிப்பேன்னு அனுப்பினேன்.'

அம்மா சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, பக்கத்துக் கட்டில்காரம்மா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிடம் அவளுக்கு யாரிடம் என்றில்லாமல் ஒரு நன்றி நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. கம்பிக்கு, பேட்டரிக்கு, முகட்டில் நிற்கும் பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தாயும் மகளும் பேசித் தீர்த்தார்கள். சண்டையும் போட்டார்கள். அத்தான் இளைத்துவிட்டாரா என்று அம்மா கேட்க, இல்லை, தொப்பை போட்டிருக்கிறார் என்று அக்கா போட்டுக்கொடுத்தாள். அணைக்குடியிருப்பில் குளிர் அதிகமா, ராத்திரி தனியாகப் பயமாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். 'இருக்கு. சின்னவகிட்ட சொல்லாதே' என்று அம்மா அடித்தாள், அந்தச் சின்னவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு மாலை சர்ஜன் வந்தார். அம்மா தாளை அவர் கையிலிருந்து தானே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை நாலரை மணிநேரம் ஆனது. சர்ஜன் வெளியே வந்து, "முழுசா எடுத்தாச்சு. பரவல. அம்மா நல்லாருக்காங்க" என்றார். சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவரும் உருவிக்கொள்ளாமல் நின்றார்.

வியாழக்கிழமை. அம்மா வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, சாய்ந்து உட்காரும் அளவுக்கு ஆகியிருந்தாள். மதியம் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவோடு எழுத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா இப்போது அணை அலுவலகத்தில் நீர்மட்டப் படம் வரைய ஆரம்பித்திருந்தாள்.

'ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்' என்று அக்காவின் வரி வந்தது. 'இங்க மழை அளக்கறவர் ஒருத்தர் இருக்கார். மேல முகட்டுச் சரிவுல வீடு. காலைல சாயங்காலம்னு எவ்வளவு மழை, ஓடையில எவ்வளவு தண்ணின்னு கணக்கு அனுப்புவார். அதை வெச்சுத்தான் உங்க அத்தான் மதகு திறக்கணுமா வேண்டாமான்னு பாப்பார். டவர் விழுந்ததுலேர்ந்து தன் ரேடியோலதான் அனுப்பிட்டிருந்தாராம், அதை வாங்க ஆபீஸ்ல எண் மட்டும் காட்டற பழைய பெட்டி ஒண்ணு இருக்கு.'

சின்னவள் மடிக்கணினியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

'போன வெள்ளிக்கிழமைலேர்ந்து சைக்கிள்ல கொண்டுவந்து கொடுக்கறார். ஏழு கிலோமீட்டர். வரும்போது இறக்கம், போகும்போது தள்ளிக்கிட்டுத்தான் போகணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. இன்னிக்குக் காலைல தொப்பலா நனைஞ்சு வந்தார். ரேடியோ கெட்டுப்போச்சான்னு எழுதிக் காட்டினேன். இல்லன்னு தலையாட்டினார். அப்புறம் அதே தாள்ல எழுதினார், அம்மா எழுந்துட்டாங்களான்னு.'

'நம்ம அம்மாவையா?'

'ஆமாம். அவருக்கு எப்படித் தெரியும்னு உங்க அத்தானைக் கேட்டேன். நான் சொல்லலங்கறார். மழைக்காரர்கிட்டயே கேட்டேன். ரிலே சொல்லிச்சுன்னு எழுதினார். ஆபரேஷன்னு பதினோரு தடவ வந்துச்சு, பதினோரு தடவையும் படிச்சேன்னு எழுதினார். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?'

நன்றாகவே புரிந்தது. அமெச்சூர் வானொலியில் ரகசியம் கிடையாது, யார் பேசுவதையும் யாரும் படிக்கலாம். அவர் சத்தம் இவளுக்கு எட்டாததுபோல இவள் சத்தமும் அவருக்கு எட்டாது. ஆனால் ரிலே இரண்டு பேருக்கும் பொது. அது இவளுடைய வரியைத் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தச் சரிவில் ஒரு மனிதர் படித்திருக்கிறார். அது ஓடவிட்ட மெஷின் இல்லை. போய்ச் சேராததால்தான் அதே எண்களை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறார். போய்ச் சேராததற்குக் காரணம் இவள்தான், இவளுடைய இருநூற்று ஐம்பத்தைந்து.

பல் டாக்டருக்குப் போன் போட்டாள். "ஏழுல முடியற ஸ்டேஷன் யாரு சார்?"

"அவரைத் தெரியாதா? நாங்க ரிலேயை வெச்சுட்டு வந்ததோட சரி. அந்தக் கோபுரத்துக்கு மூணு தடவ புது பேட்டரியைத் தோள்ல சுமந்து ஏத்தினவர் அவர்தான். அவர் இல்லன்னா ரிலே எப்பவோ போயிருக்கும். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை நான்தான் சார்" என்று போனை வைத்தாள்.

அவர் வீட்டில் உட்கார்ந்து அவரையே வெளியே போகச் சொல்லியிருக்கிறாள். அதுவும் தொலைந்தீர்கள் என்று. அவரோ ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல், ரேடியோவை அணைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆயிற்று. முடிந்துவிட்டது, இனி நீங்கள் பேசலாம் என்று அவருக்குச் சொல்ல இவளுக்குத் தோன்றவேயில்லை. இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

அம்மா கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், அந்தக் கடிதத்தை வரிக்கு வரி. அம்மா தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் பேசறதுக்காக ஒரு மனுஷனை ஏழு நாளா மழையில விரட்டிருக்க."

"தெரியாமப் பண்ணிட்டேன்மா."

"மெஷினுன்னே நெனச்சாலும் அப்படித்தான் எழுதறதா? அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு உனக்கென்ன தெரியும்?" தையல் வலித்ததோ என்னவோ, நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இங்க கொண்டா அந்தப் பொட்டியை."

"இரும்மா. முதல்ல நான் ஒண்ணு சரி பண்ணணும்."

சின்னவள் இருநூற்று ஐம்பத்தைந்தை அழித்துவிட்டு அறுபத்து மூன்று போட்டாள். யோசித்து அதையும் அழித்து முப்பத்தொன்று ஆக்கினாள், இனி எட்டில் ஒரு முறைதான் அவள் இறங்குவாள். பொட்டலத்தை நாலில் ஒரு பங்காகச் சுருக்கினாள். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைப் பழையபடி நீட்டினாள்.

அஞ்சல்பெட்டியில் கடிதம் போட்டுப் பயனில்லை. கடிதத்தை எடுக்க அவர் ரேடியோவில் பேசியாக வேண்டும், அவரோ பேச மாட்டார். ஆனால் பேர் போடாமல் பொதுவில் ஒரு வரி விட்டால் ரிலே அதைத் திரும்பச் சொல்லும். அவர் கேட்டுக்கொண்டிருந்தால் திரையில் தெரியும். ரேடியோவை அணைத்தவர் கேட்பதையும் அணைத்துவிட்டாரா என்பதுதான் தெரியவில்லை. மணி நாலரை. ஐந்துக்கு அவர் மாலைக் கணக்கை எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார்.

அம்மா ஒரு விரலால் அடித்தாள். 'மழை அளக்கற தம்பிக்கு. நான்தான் ஆபரேஷன் அம்மா. எழுந்துட்டேன். காலைல நாலு அடி நடந்தேன். நீங்க வழி விட்டதாலதான் என் பொண்ணோட மனசு விட்டுப் பேசிட்டுப் போய்ப் படுத்தேன். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கு மழையில வராதீங்க. ரேடியோல பேசுங்க. நாங்க வாயை மூடிட்டு இருக்கோம்.'

அதன் கீழே சின்னவள் அடித்தாள். 'ஐயா, அந்தக் கடிதத்தை எழுதியது நான். என்னை மன்னித்துவிடுங்கள். காத்திருப்பு எண்ணை இருநூற்று ஐம்பத்தைந்தில் வைத்திருந்தேன். இப்போது முப்பத்தொன்று.' ரேடியோக்காரர் ஒருவருக்கு இதைவிடத் தெளிவாக மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

ரிலே அதை முகட்டிலிருந்து திரும்பச் சொல்லி முடித்தது. இரண்டாம் நம்பர் லிஃப்ட் ஓடினால் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும். லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தபோது, "பத்து நிமிஷம் அதைக் கீழேயே நிறுத்துங்கண்ணே, மத்த மூணும் ஓடட்டும்" என்று கெஞ்சினாள். அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

நாலே முக்கால். ஐந்து. திரையில் ஒன்றுமில்லை. கிளம்பியிருப்பார் என்று சின்னவள் நினைத்தாள். அம்மா கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு ஏழில் முடியும் அடையாளம் திரையில் வந்தது. முதலில் அணைக்கு. 17, 031, 126. ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது. 'வந்தது' என்று அத்தானின் நிலையம் பதில் சொன்னது. போன வாரம் 06 என்றிருந்த மழை இன்று 17, இதில்தான் அவர் சைக்கிளைத் தள்ளியிருப்பார் என்று சின்னவள் கணக்குப் போட்டாள்.

அப்புறம் பொதுவில், ஒவ்வொரு வரியாக, நடுவில் நிறைய இடைவெளி விட்டு வந்தது.

'அம்மா, நீங்க எழுந்தது சந்தோஷம்.'

'நான் வழி விட்டது பெரிய விஷயமில்ல.'

'மழைக் கணக்கை நடந்தும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.'

'நீங்க உங்க பொண்ணுகிட்ட பேசறதை யாரும் நடந்து கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.'

அம்மா அதை வாய்விட்டுப் படித்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்காக இன்னொரு முறை படித்தாள். பிறகு மடிக்கணினியைச் சின்னவள் பக்கம் நகர்த்தி, "பதில் போடு" என்றாள்.

சின்னவள் விசைப்பலகையில் கையை வைக்கவில்லை. அவர் இன்னும் ஏதாவது சொல்ல மிச்சமிருக்கலாம் என்று, கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.